வீட்டுப் பலகாரத்தைப் பரிசாகக் கட்டிக் கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி நெருங்கினால் அடுப்பு வேலையைவிடப் பெரிய தலைவலி, செய்ததை எதில் போட்டுக் கொடுப்பது என்பதுதான். கடை இனிப்புப் பெட்டி பளபளவென்று வருகிறது. நாம் கை நோகச் சுற்றிய முறுக்கு மட்டும் கசங்கிய கவரில் போகிறது. இந்த விஷயத்தில் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பதில்கள் எல்லாவற்றிலும் ஓடுகிற யோசனை ஒன்றுதான்: உள்ளே ஒரு உறை, வெளியே ஒரு உறை. உள்ளே இருப்பது காற்றையும் ஈரத்தையும் தடுக்கட்டும், அது அழகாக இருக்க வேண்டியதில்லை. வெளியே இருப்பது அழகாக இருக்கட்டும், அதற்குக் காற்றுப் புகாத மூடி தேவையில்லை. ஒரே டப்பா இரண்டையும் செய்ய வேண்டும் என்று தேடும்போதுதான் காசும் போகிறது, பலகாரமும் நமத்துப் போகிறது.

முதலில் பெட்டி வாங்குவதா, பலகாரத்தை முடிவு செய்வதா?

பலகாரத்தைத்தான். கண்ணுக்குப் பிடித்த பெட்டியை மொத்தமாக வாங்கி வந்து, அதில் கை முறுக்கு நுழையாமல் உடைத்துப் போட்டவர்கள் நிறைய. எடையை வைத்துப் பெட்டியின் அளவை ஊகிக்க முடியாது. கால் கிலோ மிக்சருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டப்பா தேவைப்படும். அதே கால் கிலோ தக்காளித் தொக்கு 250 மில்லி பாட்டிலில் அடங்கிவிடும். 200 கிராம் இட்லிப் பொடிக்கு 400 மில்லி பாட்டில் போதும். நடுத்தர அளவு லட்டு என்றால் கால் கிலோவுக்கு ஐந்தாறு நிற்கும்.

எனவே ஒரு ஈடு செய்து பாருங்கள், ஒரே ஒரு டப்பா வாங்கி அடுக்கிப் பாருங்கள், அப்புறம் மொத்தமாக வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு அட்டை, காகிதம் எல்லாவற்றுக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் பேக்கரிக்காரர்கள் பெட்டி வாங்கும் கடையைக் கேட்டுப் போனால் பரிசுப் பொருள் கடையைவிட மலிவாகக் கிடைக்கும்.

முறுக்கும் தட்டையும் கொடுக்கும் நாளுக்குள் நமத்துப் போய்விடுகின்றன. என்ன செய்வது?

தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். காற்றிலேயே ஈரம். பொரித்த மாவுப் பண்டம் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். அட்டைப் பெட்டியோ, துணிப் பையோ, ஓலைப் பெட்டியோ இதைத் தடுக்காது.

முதல் விதி, முழுக்க ஆற வேண்டும். மேலே தொட்டால் சூடில்லை என்பது போதாது. ஒன்றை உடைத்து உள்பக்கத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னும் நேரமாகவில்லை. சூட்டோடு மூடினால் டப்பாவின் மூடியில் முத்து முத்தாக நீர் கோத்து, அது திரும்ப முறுக்கின் மேலேயே விழும். ஆற வைக்கும்போது தட்டில் குவிக்காமல், வடிதட்டில் அல்லது கம்பி வலையில் பரப்புங்கள். ஆனால் இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் விட்டுவிடவும் கூடாது. ஆறியதும் அன்றைக்கே மூடிவிட வேண்டும்.

இரண்டாவது, கெட்டியான கவர். மெல்லிய கவர் வழியாக ஈரம் மெதுவாகப் புகும். காபித்தூள் வருகிற மாதிரி உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பவுச் நல்லது. வாயைச் சூட்டில் ஒட்டும் சின்ன ஹேண்ட் சீலர் ஒன்று வாங்கி வைத்தால் பல வருடம் உழைக்கும். நாலு வீட்டுக்கு ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். வெள்ளித்தாள் பவுச்சுக்கு இன்னொரு லாபம், வெளிச்சம் புகாது. எண்ணெய்ப் பண்டத்தில் சிக்கு வாடை வருவதற்குக் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் காரணம். கண்ணாடி ஜாடியில் முறுக்கை அடுக்கி ஜன்னல் ஓரம் வைப்பது படம் எடுக்க நன்றாக இருக்கும், தின்ன நன்றாக இருக்காது.

டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போடலாமா?

உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்ட பொட்டலம் என்றால் போடலாம். செருப்புப் பெட்டியில் வந்ததை எடுத்துப் போடாதீர்கள். நீல மணிகள் இருக்கும் வகையில் நிறத்துக்காகக் கோபால்ட் உப்பு சேர்ப்பதுண்டு. அது சாப்பாட்டுப் பக்கமே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், பொட்டலத்தை டப்பாவின் அடியில் ஒளித்து வைக்காமல் மூடியின் உட்புறம் ஒட்டி, ஒரு வரி எழுதியும் விடுங்கள்.

ஆக்சிஜன் உறிஞ்சி என்று விற்கிற பொட்டலம் வேறு சாமான். உள்ளே இரும்புத் தூள் இருக்கும். அது துருப்பிடிக்கும்போது உறைக்குள் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சீல் வைத்த பவுச்சில் முறுக்கு, மிக்சர், நேந்திரன் சிப்ஸ் மாதிரி காய்ந்த பண்டத்துக்கு அருமை. திறந்து திறந்து மூடும் டப்பாவில் போட்டால் வீண். பால்கோவா, தேங்காய் பர்பி, தொக்கு மாதிரி ஈரப்பசையுள்ள எதிலும் போடவே கூடாது. காற்றில்லாத ஈரமான இடத்தில்தான் போட்டுலிசம் என்ற நச்சுணவு நோயை உண்டாக்கும் கிருமி வளரும்.

அரிசியைத் துணியில் முடிந்து போடும் பழக்கமும் உண்டு. உப்பு டப்பாவுக்கு அது சரி, முறுக்குக்குப் பெரிதாக உதவாது.

இனிப்புகளை ஒட்டாமல், உடையாமல் எப்படி அடுக்குவது?

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

லட்டும் ரவா லட்டும் தனித்தனிக் காகிதக் கிண்ணத்தில் உட்காரட்டும். பேக்கரிச் சாமான் கடையில் மஃபின் கப் என்று கேட்டால் கிடைக்கும். பெட்டியின் உயரம் லட்டைவிட அரை விரல் மட்டும் கூடுதலாக இருந்தால் உருளாது. பால் தெளித்துப் பிடித்த ரவா லட்டு நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது; பரிசுக்கு என்றால் நெய் மட்டும் விட்டுப் பிடியுங்கள்.

மைசூர் பாகில் இரண்டு ஜாதி. பொரபொரவென்று இருப்பது மூலை உதிரும். அதை நிமிர்த்தி நெருக்கமாக நிறுத்தி வையுங்கள், ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும். நெய் சொட்டும் மிருதுவானது படுக்கை நிலையில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர் போட்டு. நேராக அட்டைப் பெட்டியில் வைத்தால் மறுநாள் பெட்டியின் அடியில் நெய் வட்டம் தெரியும். இனிப்புப் பெட்டி அட்டையின் உள்பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய காகிதக் கூழில் செய்தது. அதன்மேல் நேரடியாக எதையும் வைக்க வேண்டாம்.

எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரி உருண்டை எல்லாம் வெல்லப் பாகு. மழை நாளில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டும். பட்டர் பேப்பரைச் சதுரமாக வெட்டி, நடுவில் உருண்டையை வைத்து, இரண்டு முனையையும் பழைய ஆரஞ்சு மிட்டாய் மாதிரி முறுக்கிவிடுங்கள். சாதாரண வெள்ளைப் பட்டர் பேப்பருக்குப் பதில் நாலு நிறம் கலந்து சுற்றினால் ஒரு ஜாடி நிறைய அதுவே அலங்காரம். இதற்கு மேல் ரிப்பன் எல்லாம் வேண்டியதில்லை.

பொருள்விளங்கா உருண்டையைப் பற்றிக் கவலையே படாதீர்கள். அது எதையும் தாங்கும். பெட்டியில் மற்றவற்றை நசுக்காமல் அதை அடியில் வையுங்கள்.

அதிரசத்திலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கிறதே?

சுட்ட உடனே இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிவது எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பிறகும் ஒரு நாள் கசியும். அதனால் சுட்ட அன்றே கட்டாதீர்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் வாழை இலை அல்லது பட்டர் பேப்பர் போட்டு ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் எடுங்கள். அதிரசம் முறுக்கு மாதிரி இல்லை, ஒரு நாள் கழிந்தால்தான் பதமும் சேரும். ஐந்தைந்தாக அடுக்கி, நடுவில் பட்டர் பேப்பர் வட்டம் வைத்து, உருளையாகச் சுற்றி, இரண்டு பக்கமும் சணலால் கட்டினால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். கேதார கௌரி விரதம் இருக்கும் வீட்டுக்குத் தருவதானால் எண்ணிக்கையை அவர்களிடம் கேட்டுக்கொண்டு அடுக்குங்கள். படையலுக்கு இத்தனை என்று அவரவர் வீட்டுக் கணக்கு இருக்கும்.

செய்தித்தாளில் சுற்றினால் என்ன? காலங்காலமாக அப்படித்தானே?

வேண்டாம். அச்சு மையில் இருக்கும் சாயமும் ஈயம் போன்றவையும் எண்ணெயில் சுலபமாக இறங்கும். சூடான வடையைத் தாளில் ஒற்றி எடுத்தால் எழுத்து வடையில் பதிகிறதே, அதுதான் சாட்சி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கிங் விதிமுறையிலேயே செய்தித்தாளுக்குத் தடை உண்டு. 2023இல் மறுபடியும் எச்சரித்தார்கள். வெளியுறையாக, பண்டம் படாமல், செய்தித்தாளை மடித்துப் பை செய்துகொள்வதில் தவறில்லை.

ஓலைப் பெட்டியில் கொடுக்க ஆசை. எங்கே வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?

எனக்கு மிகப் பிடித்த வெளியுறை இதுதான். பனை நம் மாநில மரம், பனை ஓலைப் பெட்டி நம் பழைய டப்பா. உடன்குடிப் பக்கம் சில்லுக் கருப்பட்டி இன்றும் ஓலைக் கொட்டானில் கிடைக்கும். செட்டிநாட்டில் சீர் வைக்க வண்ண ஓலையில் பின்னிய கொட்டான்கள் உண்டு, காரைக்குடிப் பெண்கள் பின்னுவது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலும் ஓலைப் பெட்டி பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு மொத்தமாக வேண்டுமென்றால் ஆடி, ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். கையால் பின்னுவது, கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

வந்ததும் செய்ய வேண்டியது சில உண்டு. உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈர வாடை போகும், பூச்சி இருந்தால் ஓடும். சாயம் போட்ட கொட்டான் என்றால் ஈரத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அதில் எண்ணெய்ப் பண்டம் நேரடியாகப் படக் கூடாது. சாயம் போடாத வெள்ளோலையிலும் பட்டர் பேப்பர் விரித்து வைப்பதே நல்லது.

ஓலைப் பெட்டி மூச்சு விடும். கருப்பட்டி மிட்டாய், பொருள்விளங்கா உருண்டை, பேரீச்சம்பழம் போன்றவற்றுக்கு அது பிரச்சினை இல்லை. முறுக்கு என்றால் சீல் வைத்த பவுச்சோடு உள்ளே வையுங்கள். கவர் தெரியக் கூடாது என்றால் மேலே ஒரு வாழை இலைத் துண்டை வட்டமாக வெட்டி மூடுங்கள். கொடுக்கும் அன்று காலையில் வெட்டியதாக இருக்கட்டும், முந்தின நாள் வெட்டினால் ஓரம் கறுத்துவிடும்.

அப்புறம், பண்டம் தீர்ந்தாலும் பெட்டி நிற்கும். பூண்டு வைக்க, சில்லறை போட, கொலுவில் சுண்டல் வைக்க என்று வருடக் கணக்கில் அந்த வீட்டில் இருக்கும். அந்த விலையை ஒரு நாள் கிழித்துப் போடும் தங்க நிற அட்டைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

துணியில் கட்டிக் கொடுக்கலாமா?

தாராளமாக. அதற்கென்று துணி வாங்கவும் வேண்டாம், பீரோவில் சேர்ந்து கிடக்கும் ரவிக்கைத் துணி போதும். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் அதே துணிதான். இந்த முறை தனியாக மடித்து வைக்காமல் பலகாரப் பெட்டியை அதிலேயே சுற்றிக் கொடுங்கள். வாங்குகிறவருக்குத் துணியும் மிச்சம், குப்பையும் இல்லை.

80 செ.மீ. சதுரத்துக்கு வெட்டிய துணியில் 20 முதல் 25 செ.மீ. அகலமுள்ள பெட்டி நன்றாக உட்காரும். துணியை மேஜையில் சாய்சதுரமாக விரியுங்கள், ஒரு முனை உங்களைப் பார்க்கட்டும். நடுவில் பெட்டி. உங்கள் பக்க முனையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டு, மிச்சத்தை அடியில் சொருகுங்கள். எதிர் முனையையும் அதேபோல இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள். இப்போது இடமும் வலமும் இரண்டு காது நீட்டிக்கொண்டிருக்கும். ஓரங்களில் துணியை உள்ளங்கையால் நீவி மடிப்பாக்கி, இரண்டு காதையும் மேலே தூக்கி இழுத்து ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று. பட்டும் சில்க் காட்டனும் வழுக்கும், முடிச்சு தளரும், பருத்திதான் சௌகரியம். முடிச்சின் நடுவில் ஒரு கொத்து மருக்கொழுந்து செருகினால் போதும். மல்லிகை வேண்டாம், அதன் வாசனை இனிப்பில் ஏறும்.

துணி சின்னதாக இருந்தால் பாட்டில் மூடிக்கு மேல் போட்டு நூலால் கட்டுங்கள். மதுரைச் சுங்குடித் துண்டுத் துணி இதற்குப் பொருத்தம், அந்தப் புள்ளிகள் சின்ன இடத்திலும் எடுப்பாகத் தெரியும்.

எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தால் பழைய பாணியாக இருக்காதா?

இருக்கட்டுமே. காற்றுப் புகாமல் அழுந்த மூடும் சம்படம் கிடைத்தால் உள்ளுறை, வெளியுறை இரண்டும் அதுவே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: டப்பா அவர்களுக்கா, திரும்ப வேண்டுமா? சொல்லாவிட்டால் வாங்கியவர் அதை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதென்று சர்க்கரையோ நாலு பழமோ போட்டுக் கொண்டுவந்து நிற்பார், நீங்கள் அது பரிசு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டோடு அந்தப் போக்குவரத்து நடப்பது நல்லதுதான். அலுவலகத்தில் இருபது பேருக்கு என்றால் நடக்காது.

பிளாஸ்டிக் கவரே கூடாதா? சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தூக்குப் பை, சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, டம்ளர் எல்லாம் அதில் வரும். பலரும் கவனிக்காத ஒன்று: துணி மாதிரி தெரிகிற, ஓரம் தைக்காமல் ஒட்டிய பை இருக்கிறதே, அதுவும் பிளாஸ்டிக் இழைதான், அதற்கும் தடைதான். பரிசுப் பை என்று அதை வாங்கி ஏமாறாதீர்கள். மஞ்சப்பையே வாங்கிவிடலாம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு மஞ்சள் துணிப்பைக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. அதில் கோலம் ஒன்றை வெள்ளைச் சாயத்தில் அச்சடித்துக் கொடுத்தால் கடைக்காரர் பெயர் போட்ட பையைவிட அழகு.

உள்ளே சீல் வைக்கும் கெட்டிப் பவுச் வேண்டுமா என்றால், முறுக்குக்கும் மிக்சருக்கும் வேண்டும் என்பேன். அது இல்லாமல் அரைக் கிலோ பலகாரம் நமத்துக் குப்பைக்குப் போவது அதைவிடப் பெரிய வீண். அதையும் தவிர்க்க நினைத்தால் ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியோ சம்படமோதான் வழி.

ஊறுகாய், தொக்கு கொடுக்க எந்தப் பாட்டில்?

கண்ணாடி. பிளாஸ்டிக்கில் மிளகாய் எண்ணெயின் நிறமும் வாடையும் ஏறி நிற்கும். எவர்சில்வரில் நாள் கணக்கில் இருந்தால் உப்பும் புளிப்பும் புள்ளி விழ வைக்கும். அலுமினியத் தாள் பக்கமே போகாதீர்கள், ஓட்டை விழும்.

பாட்டிலைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வைத்து, கவிழ்த்து, வெயிலில் முழுக்கக் காய விடுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். ஊறுகாயை நிரப்பும்போது கரண்டியால் அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, மேலே நல்லெண்ணெய் அரை விரற்கடை மிதக்க விடுங்கள். விளிம்பில் ஒட்டியதைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகே மூட வேண்டும். கசிவு தொடங்குவதே அந்த விளிம்பில்தான். தகர மூடியை உப்பு அரிக்கும், எனவே மூடிக்குக் கீழே பட்டர் பேப்பர் வட்டம் ஒன்று.

பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டிக் கொடுப்பதற்கு ஈடு இல்லை. ஆனால் கையில் எடுத்துப் போகும் தூரத்துக்கு மட்டும். அலங்காரத்துக்கென்று விற்கும் வண்ண ஜாடிகளை வாங்காதீர்கள். மெருகில் ஈயம் இருந்தால் புளிப்பு அதை இறக்கிவிடும்.

பொடி வகைகளுக்கு?

சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில் மூன்று: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அந்த நிறங்களே போதும். கல்லூரி விடுதிக்கோ புதுக் குடித்தனத்துக்கோ இதைவிட உபயோகமான பரிசு கிடையாது. கூடவே 100 மில்லி நல்லெண்ணெய்ப் பாட்டில் ஒன்றையும் வைத்துவிட்டால் அன்று இரவே இட்லிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

தீபாவளி லேகியம்?

50 மில்லி கண்ணாடிப் பாட்டில். அதற்கு மேல் யாரும் சாப்பிடப் போவதில்லை. பலகாரப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டி வைத்து, 'காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் நெல்லிக்காய் அளவு' என்று சீட்டு எழுதுங்கள்.

ஒரே பெட்டியில் நாலைந்து வகை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் காரமும் இனிப்பும் ஒரே காற்றைச் சுவாசிக்கக் கூடாது. முறுக்கு பாதுஷாவின் ஈரத்தை இழுக்கும், மைசூர் பாகு பூண்டுக் காராச்சேவின் வாசனையை வாங்கிக்கொள்ளும். காரவகை எல்லாம் தனித்தனிப் பவுச்சில் சீல் ஆகட்டும். இனிப்பு மட்டும் திறந்த கிண்ணங்களில்.

அடுக்கும் வரிசை: கனமானது கீழே, உடைவது மேலே. இடைவெளியை அடைக்கக் காகிதச் சுருள் தேடவேண்டாம், மிக்சர் பவுச்சே நல்ல மெத்தை. முறுக்குக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் செருகுங்கள். மூடிவிட்டுக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் இன்னும் இடம் இருக்கிறது.

சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

என்ன பண்டம், என்று செய்தது, எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும். காற்றுப் புகாமல் வைத்தால் முறுக்கும் தட்டையும் இரண்டு மூன்று வாரம், நெய் மைசூர் பாகு ஒரு வாரம் பத்து நாள், பால்கோவா குளிர்பெட்டியில் நாலைந்து நாள், தேங்காய் சேர்ந்தது ஓரிரு நாள். இவை தவிர, வேர்க்கடலை, முந்திரி, எள், பால், கோதுமை சேர்ந்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்; கடலை ஒவ்வாமை விளையாட்டு இல்லை. வெங்காயம் பூண்டு சேர்த்ததா என்பதையும் எழுதினால் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

கையெழுத்தில் எழுதுங்கள். பென்சில் அல்லது பால்பாயிண்ட். ஜெல் பேனா ஈரக் கை பட்டதும் கரையும்.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்பினால் தூளாகத்தான் போய்ச் சேருமா?

எதை அனுப்புகிறீர்கள் என்பதில் பாதி இருக்கிறது. ரிப்பன் பக்கோடா, சீடை, காராச்சேவு, கடலை உருண்டை தாங்கும். தேன்குழலும் அச்சு முறுக்கும் தாங்காது, அவற்றை நேரில் கொடுங்கள். கை முறுக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒரே அளவாகச் சுற்றி, உருளை டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆடாமல் நிறுத்துங்கள்.

உள் டப்பாவுக்கும் வெளிப் பெட்டிக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அளவுக்குக் காகிதமோ பழைய துணியோ அடைக்க வேண்டும். வெளிப் பெட்டி நெளி அட்டை. மூன்று கிலோவுக்கு மேல் போனால் ஐந்து அடுக்கு அட்டை. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்பு போடுவதை நம்பாதீர்கள், தலைகீழாகப் போகும் என்று நினைத்தே கட்டுங்கள். ஊறுகாய்ப் பாட்டிலைத் தனியாக ஜிப்லாக் கவரில் போட்டு மூடினால், கசிந்தாலும் மற்றது தப்பிக்கும். முகவரியைப் பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள்.

கட்டணத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. விமானத்தில் போகும் கூரியருக்கு நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து ஒரு எடை கணக்கிடுவார்கள். அது உண்மை எடையைவிடக் கூடுதல் என்றால் அதற்குத்தான் காசு. 30 × 25 × 20 பெட்டி 3 கிலோ என்று கணக்காகும், உள்ளே ஒரு கிலோ முறுக்குதான் இருந்தாலும். எனவே லேசான பண்டத்தோடு கனமான பண்டத்தையும் சேர்த்து அனுப்புவதே லாபம். வாரத்தின் முதலில் அனுப்புங்கள். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் வேகும்.

வெளிநாட்டுக்கு?

நாட்டுக்கு நாடு மாறும், அனுப்புமுன் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பு. இந்தியாவிலிருந்து பால் இனிப்புகள் அங்கே போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் பால் பொருட்களைத் தனிநபர் பார்சலில் அனுப்ப முடியாது. அமெரிக்காவுக்கு, வீட்டில் ஒருவர் தானே செய்து இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பும் உணவுக்கு முன்னறிவிப்புப் பதிவு வேண்டியதில்லை; ஆனாலும் சுங்கச் சீட்டில் பண்டத்தின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால். பொதியில் அழகுக்கு வாழை இலை, மருக்கொழுந்து வைப்பதும் வேண்டாம். பாக்குமட்டைத் தட்டையும் விட்டுவிடுங்கள். அதிலிருந்து உணவில் இறங்கும் பொருட்களைக் காரணம் காட்டி 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு எதிராகச் சொல்லிவிட்டது. முழுக் கொப்பரையையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடிய சரக்குப் பட்டியலில் அது இருக்கிறது.

முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, பொடி. இவை நான்கும் பெரும்பாலான இடங்களுக்குச் சிக்கல் குறைவு.

அன்றைக்கே சாப்பிடும் பண்டம் என்றால்?

இலைதான். புளியோதரையோ தேங்காய் சாதமோ என்றால் வாழை இலையைத் தணலில் ஒரு நொடி காட்டி வாட்டி, மடித்து, வாழைநாரால் கட்டுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். மந்தாரை இலை கிடைக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அது கிழியவே கிழியாது. நவராத்திரிச் சுண்டலுக்குத் தொன்னை.

கிறிஸ்துமஸ், ரம்ஜானுக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும். கல்கல் எதையும் தாங்கும், கண்ணாடி ஜாடியில் அழகாக இருக்கும். அச்சு முறுக்கைப் பூவாக நிறுத்தி, அகன்ற டப்பாவில் ஒற்றை அடுக்காக மட்டும் வையுங்கள். பிளம் கேக்கைப் பட்டர் பேப்பரில் சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள். பழம் ஊறிய கேக்கில் தாள் நேராகப் படக் கூடாது. பிரியாணி என்றால் தூக்குவாளிதான், அதற்கு மேல் எந்தப் பேக்கிங் யோசனையும் தேவையில்லை.

எல்லோரும் கேட்கிறார்கள், விற்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கும் இதே பேக்கிங் போதுமா?

போதாது. காசு வாங்கினால் அது வியாபாரம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபோஸ்காஸ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சின்ன அளவில் செய்பவர்களுக்குத் தனிப் பதிவு முறை இருக்கிறது. பதிவு எண், சேர்மானம், நிகர எடை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், செய்பவரின் முகவரி, விலை எல்லாம் சீட்டில் வர வேண்டும். சைவம் என்பதற்குப் பச்சை வட்டக் குறியும். கையெழுத்துச் சீட்டை அதன் பக்கத்தில் தனியாக ஒட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை.